இழுத்துக் கட்டிய கூரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று தொடக்கப்பள்ளியிலேயே நாம் படித்திருக்கிறோம். உடை வேறு, உறையுள் வேறு என்றுதான் இதுவரை எண்ணி வந்தோம். ஆனால் உடைக்காக நெய்யும் துணியே உறையுளுக்குக் கூரையும் ஆகும் என்பதை இன்றைய கட்டடக்கலை நமக்குக் காட்டுகிறது. நம் ஊரிலும் அதைக் காண நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்குகள், மருத்துவமனை வாயில்கள், சிறுமலை, கொடைக்கானல் மலைப்பாதைகளில் உள்ள சுற்றுலா விடுதிகள் போன்ற இடங்களில் வெள்ளை வெளேரென்று, விரித்த குடை போலவும் பறவையின் சிறகு போலவும் சில கூரைகள் தென்படுகின்றன. அவை ஓடு அல்ல, தகடு அல்ல, காங்கிரீட்டும் அல்ல. அவை துணிகள்! பூச்சுப் பூசிய உறுதியான துணியை எஃகுக் கம்பத்திலும் கம்பிவடத்திலும் இழுத்துக் கட்டி அமைப்பவை. இவற்றை இழுவிசைச் சவ்வுக் கூரைகள் என்பர்.

துணி எப்படிக் கூரையாகிறது? நம் வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் அது ஈடு கொடுக்குமா? அதன் அடியில் அமர்பவர்களுக்கு ஆபத்து உண்டா, இல்லையா? இம்மூன்று வினாக்களுக்கும் இங்கே விடை காண முயல்வோம்.

பந்தலின் பரம்பரை

துணிக்கூரை நமக்குப் புதிதன்று. திருமண வீட்டுச் சாமியானா, திருவிழாப் பந்தல், சர்க்கஸ் கூடாரம், நம் பாட்டிமார் தரையில் அமர்ந்து படம் பார்த்த டூரிங் டாக்கீஸ் கொட்டகை ஆகிய எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பண்டைய ரோமானியர் தங்கள் மாபெரும் அரங்கமான கொலோசியத்தில் மக்கள் வெயிலில் வாடாதிருக்கக் கயிறுகளில் துணி விரித்து நிழல் செய்தனர். பாலைவனத்து நாடோடி மக்கள் ஆட்டு மயிர்க் கம்பளியால் கூடாரம் அமைத்தனர்.

ஆயினும் இவை யாவும் தற்காலிகமானவை. விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவோம். துணிக்கூரை ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும் கட்டடம் ஆகலாம் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனி நாட்டுக் கட்டடக்கலைஞர் ஃபிரை ஓட்டோ. 1925இல் பிறந்த இவர் இரண்டாம் உலகப்போரில் விமானியாக இருந்து பிரான்சில் போர்க்கைதியானார். கைதிகள் முகாமில் கட்டட வேலையைக் கவனிக்கும் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. போதிய பொருள்களோ இல்லை. குறைந்த பொருளைக் கொண்டு மிகுதியான இடத்தை மூடுவது எப்படி என்னும் சிந்தனை இவர் உள்ளத்தில் வேரூன்றியது அங்கேதான்.

விடுதலைக்குப் பின் அவர் நாடியது சோப்புக் குமிழியை! கம்பியை வளைத்துச் சோப்பு நீரில் தோய்த்து எடுத்தால், அக்கம்பிக்கு இடையே மெல்லிய படலம் ஒன்று தோன்றும். அப்படலம் எப்போதும் மிகக் குறைந்த பரப்பையே எடுத்துக்கொள்ளும். அதன் எல்லாப் பகுதியிலும் இழுவிசை சமமாக இருக்கும். இயற்கையே வரைந்து தரும் கூரைப் படம் அது. அப்படங்களை அளந்து அவர் கூரைகளை வடிவமைத்தார். 1967இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் ஜெர்மனி அரங்கமும், 1972இல் மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டரங்கக் கூரையும் இவர் பங்கு கொண்ட அரும்பணிகள். கட்டடக்கலையின் மிக உயர்ந்த பிரிட்ஸ்கர் பரிசு 2015 மார்ச் மாதத்தில் இவருக்கு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு முந்திய நாள் இவர் மறைந்தார். பரிசு தமக்குத்தான் என்னும் செய்தி மட்டும் முன்னரே அவர் காதுக்கு எட்டியிருந்தது.

துணி பாரம் தாங்குமா?

கல்லும் செங்கல்லும் தம் எடையால் நிற்கின்றன. துணிக்கு எடை ஏது? 10 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ எடையிருக்கும். கூரைத் துணியோ சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோதான். அது நிற்பதற்குக் காரணம் இழுவிசை.

வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்தும் கொடியை நினைத்துப் பாருங்கள். 4 மீட்டர் நீளமுள்ள கொடியின் நடுவில் 2 கிலோ எடையுள்ள ஈரச் சேலையைத் தொங்கவிடுகிறோம். கொடி 40 சென்டிமீட்டர் தாழ்ந்தால் கயிற்றில் உண்டாகும் இழுவிசை ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமம். தாழ்வே கூடாது என்று இறுக்கிக் கட்டி, கொடி 10 சென்டிமீட்டர் மட்டுமே தாழும்படி செய்தால் அந்த இழுவிசை 20 கிலோவாக உயர்கிறது. கொடி அறுவதும் ஆணி பிடுங்கிக்கொள்வதும் அதனால்தான். ஆகவே தட்டையாக விரித்த துணி கூரைக்கு உதவாது. வளைவே அதற்கு வலிமை.

வளைவும் ஒரு திசையில் இருந்தால் போதாது. இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கைக்குட்டையின் நான்கு மூலைகளை நான்கு தோழியர் பிடித்துக்கொள்ளுங்கள். நால்வரும் ஒரே உயரத்தில் பிடித்து இழுத்தால் துணி தட்டையாக இருக்கும். நடுவில் ஊதினால் படபடக்கும். இனி எதிரெதிராக நிற்கும் இருவர் கையை உயர்த்தட்டும். மற்ற இருவர் தாழ்த்தட்டும். துணி குதிரைச் சேணம் போன்ற வடிவம் பெறும். இப்போது ஊதினால் முன்போல் அசையாது. உயர்ந்த மூலைகளுக்கு இடையே செல்லும் இழைகள் தொங்குகயிறு போல் வளைந்து மழையின் பாரத்தைத் தாங்குகின்றன. தாழ்ந்த மூலைகளுக்கு இடையே செல்லும் இழைகள் வில்போல் மேல்நோக்கி வளைந்து, காற்று கூரையைத் தூக்காதபடி பிடித்துக்கொள்கின்றன. ஒன்று தளர முயன்றால் மற்றொன்று விடுவதில்லை.

தவில் வாசிப்பவர் தோலை இறுக்கிய பின்பே வாசிக்கத் தொடங்குகிறார். அதுபோலவே இக்கூரையையும் பாரம் வருவதற்கு முன்பே இறுக்கி வைக்க வேண்டும். இதற்கு முன் இழுவிசை என்று பெயர். தளர்ந்த கூரை காற்றில் அடித்துக்கொண்டு தையலோரங்களில் கிழியும். எனவே ஓரக் கம்பிவடங்களை அவ்வப்போது முறுக்கி இறுக்குவதற்கு வசதி செய்து வைப்பர்.

பாவும் ஊடையும்

மதுரைச் சாலையில் உள்ள சின்னாளபட்டியின் தறிகளைப் பார்த்த நமக்குப் பாவு எது, ஊடை எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்கிறது. ஊடை நூல் அதன் மேலும் கீழும் வளைந்து வளைந்து செல்கிறது. அதனால் துணியை இழுக்கும்போது பாவின் திசையில் குறைவாகவும் ஊடையின் திசையில் மிகுதியாகவும் நீளும். கூரைத் துணியும் நெய்த துணியே. ஆகவே எந்தத் திசையில் எவ்வளவு நீளும் என்று சோதனைச்சாலையில் முதலில் இழுத்துப் பார்த்து, அந்த அளவுக்குத் துணியைச் சற்றுச் சிறிதாகவே வெட்டுகிறார்கள்.

தையல் வகுப்பின் பயனும் இங்கே தெரிகிறது. தட்டையான துணியில் உடம்பின் வளைவு வரவேண்டும் என்றால் ரவிக்கைக்கு டாட் பிடிக்கிறோம். துண்டு துண்டாக வெட்டி இணைக்கிறோம். கூரைக்கும் அப்படியே. கூம்பும் சேணமும் தட்டைத் துணியில் தாமே வந்துவிடா. பல நீண்ட துண்டுகளாகக் கணக்கிட்டு வெட்டி ஒட்ட வேண்டும். ஆனால் ஊசித் துளை வழியே நீர் ஒழுகும் ஆதலால் பெரும்பாலும் நூலால் தைப்பதில்லை. ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெப்பத்தால் உருக்கி இணைக்கிறார்கள்.

துணியில் இரு வகைகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. முதலாவது, பாலியெஸ்டர் இழையில் நெய்து பி.வி.சி. பூச்சுப் பூசியது. விலை குறைந்தது, மடித்துக் கொண்டுபோகலாம். நன்கு தயாரித்துப் பேணினால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை உழைக்கும். நம் பக்கத்துக் கூரைகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையே. இரண்டாவது, கண்ணாடி இழையில் நெய்து பி.டி.எஃப்.இ. பூச்சுப் பூசியது. டெஃப்லான் என்னும் பெயரில் தோசைக்கல்லில் ஒட்டாதபடி பூசும் அதே பொருள்தான் இது. 1938இல் அமெரிக்க வேதியியலர் ராய் பிளங்கெட் இதைத் தற்செயலாகக் கண்டறிந்தார். இதில் அழுக்கு எளிதில் ஒட்டாது, மழையே கழுவிவிடும். 1973இல் கலிபோர்னியாவின் லா வெர்ன் கல்லூரியில் இவ்வகைத் துணியால் நிலையான கூரை அமைத்தனர். 30 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியது. ஆனால் விலை மிகுதி. மடித்தால் இழை முறியும் ஆதலால் கையாள்வதும் கடினம்.

ஜித்தாவும் சேப்பாக்கமும்

வெப்ப நாட்டுக்கு இக்கூரை ஏற்றது என்று உலகுக்குக் காட்டியது சவூதி அரேபியாவின் ஜித்தா நகரம். ஹஜ் பயணிகள் வந்திறங்கும் விமான நிலைய முனையத்துக்கு 1981இல் 210 கூடாரங்கள் கொண்ட கூரை அமைந்தது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உடையது. கணக்கிட்டுப் பாருங்கள்: நூறு ஏக்கருக்கு மேல் நிழல்! இன்றைய வங்கதேசத்தில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் கான் இதன் அமைப்பில் முக்கியப் பங்கு கொண்டார். வெள்ளைத் துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று உலவுகிறது. சூடான காற்று மேலெழுந்து கூம்பின் உச்சித் துளை வழியே வெளியேறுகிறது.

நம் தமிழ்நாட்டிலும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. சென்னைச் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் பழைய கூரையைத் தாங்கிய தூண்கள் ஆட்டத்தைப் பார்ப்பவர்களின் கண்ணை மறைத்தன. 2011 உலகக் கோப்பையையொட்டி நடந்த புதுப்பிப்பில் அக்கூரையை நீக்கிப் பி.டி.எஃப்.இ. பூசிய கூம்புக் கூரைகளை அமைத்தனர். லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் கட்டடக்கலை நிறுவனமும் சென்னையின் நடராஜ் வெங்கட் நிறுவனமும் இணைந்து வடிவமைத்தன. இதே ஹாப்கின்ஸ் நிறுவனம்தான் 1987இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்து மவுண்ட் ஸ்டாண்டுக்குத் துணிக்கூரை போட்டது. சேப்பாக்கத்துக்கும் வங்கக் கடலுக்கும் இடையே சிறிது தொலைவுதான். உப்புக் காற்றும் ஈரமும் ஆண்டு முழுதும் வீசும் அங்கே, எஃகுக்குத் துரு பிடிக்காத பூச்சும் வடங்களுக்குத் தொடர்ந்த கண்காணிப்பும் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு பகைவர்கள்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். திண்டுக்கல் சமவெளி வறண்டது; சித்திரை வெயில் சுட்டெரிக்கும். ஆனால் 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சிறுமலைக்குப் போனால் மூடுபனியும் ஈரமும். கொடைக்கானல் மலையடிவாரமும் அப்படியே. விடுதிகள் பெருகுவது அவ்விடங்களில்தான். அங்கே கூரைத் துணிக்குப் பகைவர் நால்வர்.

முதல் பகை வெயில். அதிலுள்ள புறஊதாக் கதிர்கள் பாலியெஸ்டர் இழையை மெல்ல மெல்ல நொய்யச் செய்யும். இழையைக் காப்பது மேற்பூச்சே. பூச்சு உரிந்தால் துணியின் ஆயுள் குறைந்துவிடும். மேலும், மெல்லிய துணிக்கு ஓட்டைப் போல வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் கனம் கிடையாது. உயரமாகவும் பக்கம் திறந்தும் இருந்தால் அடியில் இதமான நிழல். நான்கு புறமும் அடைத்து அறையாக்கினால் புழுக்கம். ஆகவே இது உணவருந்தும் இடம், வரவேற்பு முற்றம், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். உறங்கும் அறைக்கு உள்ளே இரண்டாவது கூரை ஒன்று தேவை.

இரண்டாம் பகை ஈரம். மலைப்பகுதியில் இரவில் துணி வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது காற்றிலுள்ள நீராவி அதன் அடிப்புறத்தில் பனித்துளியாகப் படிந்து சொட்டும். மழையே இல்லாத காலையில் மேசை நனைந்திருப்பதைக் கண்டு கூரை ஒழுகுகிறது என்று எண்ணுவார்கள்! மரநிழலில் உள்ள கூரையில் இலைக்குப்பை சேர்ந்து பூஞ்சணமும் பாசியும் படரும். வெட்டிய ஓரங்களை மூடி ஒட்டாவிட்டால் இழைகள் திரிபோல் நீரை உறிஞ்சி, துணிக்குள்ளேயே கருங்கறை பரப்பும். காற்றோட்டமும், ஆண்டுக்கு இருமுறையேனும் மென்மையான சோப்பு நீரால் கழுவுவதும் இதற்கு மருந்து. பிளீச்சிங் பவுடரும் கம்பித் தூரிகையும் கூடவே கூடா.

மூன்றாம் பகை தேங்கும் மழைநீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால் 10 கிலோ. 10 சதுர மீட்டர்ப் பள்ளத்தில் 5 சென்டிமீட்டர் நின்றால் 500 கிலோ. பாரத்தால் பள்ளம் ஆழமாகும். ஆழத்தால் மேலும் நீர் சேரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தட்டையான, தளர்ந்த கூரைகள் திடீரென்று கிழிந்து விழுவது இதனால்தான்.

நான்காம் பகை காற்று. இதுவே கொடியது. நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் மீது ஏறத்தாழ 98 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரவல்லது. 10 மீட்டர் நீள அகலமுள்ள கூரையில் அதே அளவு மேல்நோக்கிய விசை ஏற்பட்டால் அது ஏறக்குறைய 10 டன்! துணியின் எடையோ 100 கிலோ. கனமான கூரைக்கு அஸ்திவாரம் பாரத்தைத் தாங்க வேண்டும். இக்கூரைக்கோ அது பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். 10 டன்னை எடையால் மட்டுமே பிடித்து வைக்க 4 கனமீட்டருக்கு மேல் காங்கிரீட் வேண்டியிருக்கும். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் கடலோரத்தோடு நிற்கவில்லை; உள்நாட்டில் நம் மாவட்டம் வரை காற்றையும் பெருமழையையும் கொண்டுவந்தது. புயல் கடற்கரைக்காரர்களுக்குத்தானே என்று நாம் இருந்துவிட முடியாது.

தீயும் கூரையும்

கூரையைப் பற்றிப் பேசும் தமிழ்நாட்டு மாணவியர் எவரும் மறக்கக்கூடாத நாள் ஒன்று உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற அரசு ஆணையிட்டது அதன் பின்னரே. அதற்கு முன்னரே 1981 பிப்ரவரியில் பெங்களூரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். 2025 மே மாதத்தில் கேரளத்தின் வயநாட்டில், சுற்றுலா விடுதி ஒன்றின் கூடாரக் குடில் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

ஆகவே துணிக்கூரை என்றதும் எல்லாம் ஒன்றென எண்ணிவிடலாகாது. கண்ணாடி இழைத் துணி எரிவதில்லை. தீத்தடுப்பு மருந்து சேர்த்த பி.வி.சி. துணியில் நெருப்புப் பட்டால் அந்த இடம் உருகித் துளையாகும். நெருப்பை அகற்றினால் தானே அணையும். துளை வழியே புகையும் வெளியேறும். ஆனால் தோற்றத்தில் அதைப்போலவே இருக்கும் மலிவான பிளாஸ்டிக் விரிப்புக்கு இக்குணங்கள் கிடையா. கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. சோதனைச் சான்றிதழைத்தான் கேட்க வேண்டும். நல்ல துணியின் கீழும் கீற்றையும் காகிதத் தோரணத்தையும் தொங்கவிட்டு அடுப்பு மூட்டினால் பயனில்லை.

எது நமக்கு ஏற்றது?

ஓடு குளிர்ச்சி தரும். ஆனால் மரச்சட்டமும் பல தூண்களும் வேண்டும். தகரம் மலிவு, வெயிலில் அடுப்பாகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. காங்கிரீட் நெடுநாள் நிற்கும். ஆனால் மலைச்சரிவில் அவ்வளவு சிமெண்டையும் கம்பியையும் ஏற்றி, மண்ணைத் தோண்டி, மரங்களை வெட்ட வேண்டும். துணிக்கூரைக்குச் சில கம்பங்களும் சில நங்கூரங்களும் போதும். பகலில் விளக்கும் வேண்டாம், ஏனெனில் துணி வழியே மெல்லொளி கசியும். அதே வேளை, 15 ஆண்டுகளில் துணியை மாற்ற வேண்டும், கழற்றிய பி.வி.சி. துணியை மறுசுழற்சி செய்வது எளிதன்று. பெருமழையின்போது கூரைக்கடியில் பேசுவதும் கேட்காது! எனவே இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. தன் இடம் அறிந்து பயன்படுத்த வேண்டிய கருவி.

நம் வீட்டாரோ, ஊராரோ இத்தகைய கூரை அமைக்க முற்பட்டால் நாம் ஐந்து வினாக்களைக் கேட்கலாம். எந்த வேகக் காற்றுக்குக் கணக்கிட்டீர்கள்? அஸ்திவாரம் எவ்வளவு விசையைப் பிடிக்கும்? மழைநீர் எங்கும் தேங்காமல் ஓட வழி உண்டா? துணிக்குத் தீச்சோதனைச் சான்று இருக்கிறதா? ஆண்டுதோறும் வடத்தை இறுக்கிக் கூரையைக் கழுவப்போவது யார்? இவ்வைந்துக்கும் விடை சொல்லத் தெரிந்தவரிடம் வேலையை ஒப்படைக்கலாம். அழகான படத்தைக் காட்டி விலையை மட்டும் சொல்பவரிடம் ஒப்படைக்கக்கூடாது.

தோழியரே! கூரை அமைப்பது ஆண்களின் தொழில், கணக்கு வேறு, தையல் வேறு என்று பிரித்துப் பார்த்த காலம் போயிற்று. இயற்பியல் வகுப்பில் கற்ற விசையும், வேதியியலில் கற்ற பலபடியும், தையல் வகுப்பில் கற்ற வெட்டும் ஒரே கூரையில் வந்து சேர்வதைக் கண்டோம். நம்மில் சிலர் நாளை பொறியாளர் ஆகலாம். சிலர் விடுதியோ பள்ளியோ நடத்தலாம். எல்லோரும் ஏதேனும் ஒரு கூரையின் கீழ் நம் குழந்தைகளை அமர்த்தத்தான் போகிறோம். அந்தக் கூரை எதனால் நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்துக் கேட்கும் பழக்கத்தை இன்றே கற்றுக்கொள்வோம்.